மூன்று கிழங்குகளும் ஒரு ஷட்டவுனும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் பாக்கியநாதன் முப்பத்தொரு வருஷம் மெயின்டெனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தார். அந்த முப்பத்தொரு வருஷத்தில் அவருடைய ஷிஃப்ட்டில் மெஷின் நின்ற நேரத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் ஒரு கிளாஸ் டீ ஆறுகிற நேரம்கூட வராது. அதுவும் மழைக்காலத்து டீ. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாரென்றால், உள்ளே இருக்கிற பேரிங் தன் பெயர், ஊர், இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது வரை ஒப்பித்துவிடும். ஒரு நாள் அவர் தும்மிய தும்மலில், இரண்டு நாளாக நின்றுகிடந்த கன்வேயர் தானாக ஓடத் தொடங்கியது என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. நின்றுகிடந்தது அடுத்த ஷிஃப்ட்காரனின் இரண்டு நாள் என்று மட்டும் திருத்தினார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜூன் மாதம் ஓய்வு. போகிறவர்களுக்கெல்லாம் சுவர்க் கடிகாரம் கொடுத்து அலுத்துப்போயிருந்த தொழிலாளர்கள் இவருக்கு மூன்றடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி கொடுத்தார்கள். காற்று விடுகிற குட்டி மோட்டார், மேலே ட்யூப்லைட், கீழே வெல்டிங் ஷாப் ஆட்கள் ஆசையாகச் செய்த இரும்பு ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டின் மேல் ஒரு ரயில் எஞ்சினை ஏற்றி நிறுத்தினாலும் முனகாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாக்கியநாதனுக்கு ஒரு விஷயம் புரிந்தது. இனி இந்த உலகத்தில் அவர் சொல் கேட்க மிச்சமிருப்பது அந்தத் தொட்டி ஒன்றுதான். மகன் ஸ்டீவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். மனைவி அஞ்சம்மாள் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. தொட்டிக்கோ ஸ்விட்ச் இருந்தது. போட்டால் குமிழ் விட்டது, அணைத்தால் நிறுத்தியது. ஓய்வுபெற்ற மனிதனுக்கு இதைவிட மரியாதை யார் கொடுப்பார்கள்?

மீன்கள்தான் ஒத்துழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்குப் போகுமுன் தொட்டிக்கு முழுப் பராமரிப்பு நடக்கும். தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை இறைப்பார். கூழாங்கல்லைச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் தேய்ப்பார். மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, பாஸ் செய்து உள்ளே விடுவார். தீனி, ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை என்று மூன்று ஷிஃப்ட்டுக்கும் கைநிறைய. அந்த மீன்களைப்போல வயிறாரச் சாப்பிட்டுச் செத்த மீன்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் ஐந்து தடவையாக வாங்கிய இருபத்திரண்டும் போய்ச் சேர்ந்தன. கடைசியாக வந்த கறுப்பு மீன் ஒன்று, பாலிதீன் பைக்குள்ளிருந்து அவர் முகத்தைப் பார்த்ததுமே மல்லாந்துவிட்டது.

"ஸ்டீவன் அப்பா, இது இன்னா தொட்டியா, கல்லறத் தோட்டமா?" என்றாள் அஞ்சம்மாள். "முருங்க மரத்தடில இனிமே ஒரு மீனு பொதைக்க எடம் இல்ல. அந்த மரத்துக் காய சாம்பார்ல போட்டா கவுச்சி அடிக்குது."

"மெட்டீரியல் சரியில்ல அஞ்சம்மா. சப்ளை பண்றவன் ஏமாத்தறான்."

"மெட்டீரியலா? உசுருய்யா அது!"

அந்த மாதம்தான் அரசு கொடுக்கிற கலர் டி.வி.க்கு டோக்கன் வந்தது. டோக்கனைக் கையில் வாங்கிய நிமிஷமே அஞ்சம்மாளின் பார்வை இரும்பு ஸ்டாண்டின் மேல் போய் நின்றது.

"டி.வி. வந்தா ஸ்டாண்டு அதுக்கு. தொட்டிய கலியன் கேக்கறான், அவன் எடுத்துக்கினு போவட்டும்."

கலியன் அவளுடைய தம்பி. கவரைப்பேட்டையில் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான், கோழியும் வளர்க்கிறான். குஞ்சு பொரித்ததும் சூட்டோடு விட்டுவைக்க அவனுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டியிருந்தது.

"என் தொட்டில கோழியா?" என்றார் பாக்கியநாதன்.

"லைட்டுகூட ரெடியா கீது. குஞ்சுக்கு எதமா இருக்கும்."

"சரி. டி.வி. வர்றப்ப தொட்டில உசுரோட ஏதாச்சும் இருந்தா?"

அஞ்சம்மாள் யோசித்தாள். நியாயத்துக்குக் கட்டுப்பட்டவள் அவள். "உசுரோட இருந்தா தொட்டி இருந்துட்டுப் போவட்டும். இல்லேன்னா கோழிதான். அவ்ளோதான் பேச்சு."

மறுநாள் காலை நாஷ்டாவைப் பாதியில் விட்டுவிட்டுப் பாக்கியநாதன் பஜாரில் ஜலாலுதீன் கடைக்குப் போனார். ஜலாலுதீன் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். வலை, நைலான் கயிறு, டார்ச் லைட்டு, வண்ண மீன் என்று தண்ணீரோடு சம்பந்தப்பட்டதும் சம்பந்தப்படாததும் எல்லாம் விற்பார். செத்துப்போன இருபத்திரண்டையும் விற்றவர் அவர்தான்.

"வாங்க ஃபோர்மேன். எத்தினி போச்சு?"

"ரெண்டு."

"வாங்கினதே ரெண்டு. நூறு பர்சென்ட் ரிசல்ட்டு." ஜலாலுதீன் எழுந்து நின்று கைகூப்பினார். "உங்களுக்கு இனிமே நா மீனு விக்க மாட்டேன். மறுமைல இந்த மீனெல்லாம் வரிசையா நின்னு என் பேரத்தான் சொல்லும். உங்க பேரு அதுங்களுக்குத் தெரியாது."

"பேஜாரு பண்ணாத பாய். வீட்டுல கோழிய வுடப் போறாங்க." விஷயத்தை முழுவதும் சொன்னார்.

ஜலாலுதீன் தாடியைத் தடவியபடி உள்ளே போய், பச்சை அட்டை ஒட்டிய ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தார். அட்டையில் படம். தண்ணீருக்குள் பட்டுப்புடவை முந்தானைபோல மடிப்பு மடிப்பாக ஆடுகிற இலைகள். மேலே வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர். உள்ளேயோ வாடிப்போன நெல்லிக்காய்க்குத் தாடி முளைத்ததுபோல மூன்று கிழங்குகள்.

"சிங்கப்பூர்லேர்ந்து மருமவன் அனுப்பிச்சான். தண்ணிச் செடி. இத சாவடிக்க உலகத்துல யாராலயும் முடியாது." சற்று நிறுத்தி, எதிரில் நிற்பவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது வரைக்கும் முடியல," என்று திருத்திக்கொண்டார்.

"மெயின்டெனன்ஸ் இன்னா?"

"அதான் விசயமே. மெயின்டெனன்ஸே கெடையாது. கல்லு மேல சும்மா போடுங்க. பொதைக்காதீங்க, அழுகிடும். ரெண்டு நாளு மெதக்கும், ஊறினா தானா எறங்கும். எது தல எது காலுன்னு திருப்பித் திருப்பிப் பாக்காதீங்க, அதுக்கே தெரியும். பத்து பதினஞ்சு நாளு ஆவும். அது வரைக்கும் கையக் கட்டிக்கினு உக்காந்துக்கினு இருங்க."

"கையக் கட்டிக்கினு நா இன்னா பண்றது பாய்?"

"அதுதான் ஃபோர்மேன் வேல. அந்த ஒரு வேல செஞ்சா போதும்."

முப்பத்தொரு வருஷத்தில் பாக்கியநாதனுக்கு இப்படி ஒரு கடினமான வேலையை யாரும் கொடுத்ததில்லை. கொதிக்கிற ஃபர்னஸுக்குப் பக்கத்தில் நின்று செயின் மாற்றியிருக்கிறார். ஆனால் கண்ணெதிரே மூன்று கிழங்குகள் தக்கையைப்போல மிதக்க, தொடாமல் உட்கார்ந்திருப்பது! கை தானாகத் தொட்டியை நோக்கிப் போகும். சமையலறையிலிருந்து அஞ்சம்மாளின் வளையல் சத்தம் கேட்கும். கை திரும்பி வந்து கக்கத்தில் ஒளிந்துகொள்ளும். தாங்க முடியாதபோது ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்துபோய், சூலூர்பேட்டை போகிற வண்டிகளை எண்ணிவிட்டு வருவார். அந்தப் பத்து நாளில் அவர் நடந்த தூரத்தை நேராகப் போட்டிருந்தால் நெல்லூரைத் தாண்டியிருப்பார்.

வேலை செய்யாவிட்டாலும் பதிவு செய்யலாம் அல்லவா? பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஆரம்பித்தார். 'ஏ ஷிஃப்ட்: மிதக்கிறது. பி ஷிஃப்ட்: மிதக்கிறது. சி ஷிஃப்ட்: ஒன்று இறங்கியது, காரணம் தெரியவில்லை.'

பதினோராம் நாள் ஒரு கிழங்கின் தாடிக்கு நடுவிலிருந்து ஊசி முனையளவு பச்சை எட்டிப்பார்த்தது. பாக்கியநாதன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ரெட்டம்பேடு ரோடு வரை ஓடியது. அடுத்தடுத்த நாளில் மற்ற இரண்டும் முளைத்தன. அப்புறம் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. காலையில் ஒரு விரற்கடை, சாயங்காலம் ஒரு விரற்கடை. கண்ணாடியின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தால் இலை வளருகிற சத்தம் கேட்பதாகச் சொன்னார். கேட்டுப் பார்த்த மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கேட்டது. மூன்றாவது ஆளுக்குக் காது சரியில்லை.

அக்டோபரில் டி.வி. வந்தபோது தொட்டிக்குள் ஒரு காடே நின்றது. அஞ்சம்மாள் சொன்ன சொல் மாறாதவள். ஸ்டாண்டைத் தொடவில்லை. டி.வி.யைத் தூக்கிச் சமையலறை ஓரத்தில் இருந்த அரிசி டிரம்மின் மேல் வைத்தாள். அதிலிருந்து அரிசி எடுக்க வேண்டுமானால் டி.வி.யை இறக்க வேண்டும், இறக்கினால் சீரியலில் யாரோ ஒருத்திக்கு விஷம் வைக்கிற கட்டம் போய்விடும். அதனால் விளம்பர நேரத்தில் சோற்றரிசியை நான்கு நாளுக்கு ஒரேயடியாக அளந்து வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு எல கருகட்டும்," என்று ஒவ்வொரு முறை இறக்கும்போதும் சொன்னாள். "அன்னிக்கே கலியனுக்கு ஃபோனு."

கருகவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் நடுக்கிழங்கு ஒரு தண்டை நீட்டி, தண்ணீருக்கு மேலே அரிசி அரிசியாக வெள்ளைப் பூவே பூத்துவிட்டது. அந்த வருஷம் பாக்கியநாதன் வீட்டுக் குடிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்தவர்கள் மூன்று நிமிஷத்தில் பார்த்துவிட்டு, கிழங்கைப் பற்றி முக்கால் மணிநேரம் கேட்டுவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியாரே தப்பவில்லை.

"ஒண்ணும் பெரிய விசயம் இல்ல ஃபாதர்," என்றார் பாக்கியநாதன் தன்னடக்கத்தோடு. "முப்பத்தொரு வருஷ எக்ஸ்பீரியன்ஸு. வேற ஒருத்தன் கைல குடுத்திருந்தா ரெண்டே நாளுல போயிருக்கும்."

பிப்ரவரி வந்தது. தவக்காலம் தொடங்கின வாரமே இலைகளின் ஓரம் பழுப்பேறியது. மறுநாள் கண்ணாடிபோல மெலிந்தது. அதற்கு மறுநாள் தண்ணீரில் கரைந்து காணாமல் போனது. பாக்கியநாதன் தொட்டிமுன் கைகட்டி நின்ற காட்சியைப் பார்த்தவர்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். இரண்டாவது ட்யூப்லைட் போட்டார், இரண்டாவது மோட்டார் போட்டார். ரிஜிஸ்டரில் 'கவலைக்கிடம்' என்று சிவப்பு மையில் எழுதினார். பத்தே நாளில் காடு போய்க் கல்லின் மேல் மூன்று கிழங்குகள் மட்டும் கிடந்தன. ஆனால் பழைய நெல்லிக்காய்கள் அல்ல, எலுமிச்சம்பழப் பருமனுக்குக் கொழுத்திருந்தன.

ஓடினார் ஜலாலுதீனிடம்.

"செத்துப் போச்சு பாய். கோழிதான் இனிமே."

"எல போச்சு, கெழங்கு கெட்டியா கீதா?"

"கல்லு மாதிரி கீது."

"அப்போ ஏன் அழுவறீங்க? அது தூங்குது. இத்தினி மாசம் ஒழைச்சிச்சில்ல, லீவு எடுக்குது. வெளிய எடுத்து, இருட்டா, ஈரமா, குளுந்த எடத்துல வெச்சுடுங்க. ரெண்டு மாசம் போனா திரும்பப் போடுங்க, மொளைக்கும்."

பாக்கியநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஷட்டவுனு! அட, ஆனுவல் ஷட்டவுனு! இந்த ஒரு வார்த்தய மொதல்லியே சொல்லக் கூடாதா பாய்?" வருஷம் தவறாமல் மே மாதம் பதினைந்து நாள் மில்லை நிறுத்தி, பிரித்து, துடைத்து, பூட்டின மனிதர் அவர். ஒரு கிழங்கு அதையே செய்தபோது அடையாளம் தெரியாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அட்டையில் சிவப்புப் பெயின்ட்டால் 'ஆண்டு ஷட்டவுன். தொடாதே' என்று எழுதிக் காலித் தொட்டியின் மேல் தொங்கவிட்டார்.

அஞ்சம்மாள் அட்டையைப் படித்தாள். அப்புறம் தொட்டிக்குள் பார்த்தாள். "எத்தினி நாளு?"

"ரெண்டு மாசம்."

"உங்க கம்பெனிலயே பதினஞ்சு நாளுதான்யா. புல்லுக்கு ரெண்டு மாசமா?"

"புல்லு இல்ல. சிங்கப்பூரு."

"ஈஸ்டர் வரிக்கும் பாப்பேன். ஈஸ்டர் முடிஞ்சா கலியன் வருவான். நா சொன்னது உசுரோட இருக்கற சாமான், தூங்கற சாமான் இல்ல."

இனி கிழங்குகளை அவள் கண்ணில் காட்டினால் ஆபத்து என்று பாக்கியநாதன் முடிவு செய்தார். பெருக்கித் தள்ளிவிடுவாள். இருட்டு, ஈரம், குளிர்ச்சி மூன்றும் சேர்ந்த இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. சமையலறை மூலையில், தண்ணீர்ப் பானைக்கு அடியில் கொட்டிவைத்திருந்த ஈர மணல். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூன்றையும் மணலுக்குள் புதைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில்கூட 'பாதுகாப்பான இடத்தில்' என்றுதான் எழுதினார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளியில் அந்த வீட்டில் கவுச்சி கிடையாது, சாயங்காலத்துக்கு வேகவைத்த கிழங்குதான். இரண்டு நாள் முன்னால் கலியன் வந்து ஒரு பை சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சமையலறையில் பானை ஓரமாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். பாக்கியநாதன் கால் நீட்டி உட்கார்ந்தார். உப்புப் போட்டு அவித்து, தோலுரித்து, ஆவி பறக்கத் தட்டு வந்தது. வள்ளிக்கிழங்கு ஒன்றைத் தின்றார். பக்கத்தில் உருண்டையாகச் சின்னதாக ஒன்று இருந்தது. அதை வாயில் போட்டார்.

கண் தானாக மூடிக்கொண்டது.

"இன்னாம்மே இது! மாவு மாவா, லேசா இனிப்பா, முந்திரி மாதிரி கீது! இந்த மாதிரி ஒரு கெழங்கு நா ஜென்மத்துல துன்னதில்ல. இன்னொன்னு குடு."

புருஷன் தன் சமையலைப் புகழ்ந்து முப்பது வருஷம் ஆகியிருந்ததால் அஞ்சம்மாள் திகைத்துப்போய் இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் போயிற்று. அவள் தனக்கென்று எடுத்து வைத்திருந்ததையும் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் இருந்தா எட்டு கெலோ வாங்கிப் போடு. எங்க வாங்கின?"

"நா எங்க வாங்கினேன்? மூணே மூணுதான் இருந்திச்சு, மூணையும் நீயே துன்னுட்ட. பானைய தூக்கிக் கழுவறேன், மணலுக்குள்ள கெடந்துச்சு. கலியன் கொட்டனப்ப உருண்டு போயிருக்கும்."

முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாகப் பாக்கியநாதன் ஷிஃப்ட்டில் ஒரு மெஷின் நின்றது. அது அவருடைய தாடை.

"விக்குதா? தண்ணி குடி."

"அது... அது... சிங்கப்பூரு."

"இன்னா சிங்கப்பூரு?"

"என் செடி அஞ்சம்மா! ஷட்டவுன்ல இருந்த செடி!" அவர் எழுந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

அஞ்சம்மாள் காலித் தட்டைப் பார்த்தாள், தொட்டியில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் டிரம் மேலிருந்த டி.வி. ஒரு விரற்கடை நகர்ந்தது. "அட கடவுளே! இது கொட்டிக்கிழங்குய்யா! ஏரி வத்தற மாசத்துல சேத்துல கைய வுட்டா கை நெறைய வரும். ஆர்.கே.பேட்டை சந்தைல கூடை கூடையா விப்பாங்க. இதுக்கா அட்டை எழுதி மாட்டின?"

"ஏண்டி, அஞ்சாறு மாசமா தொட்டில நின்னுதே, அப்ப சொல்றதுக்கு இன்னா?"

"எலைய நா எங்க கண்டேன்? கலங்கத் தண்ணில மேல இன்னா ஆடுதுன்னு யாரு பாத்தா? எங்களுக்குத் தெரிஞ்சது கெழங்கு. வாங்கினப்ப வாடிக் கெடந்துச்சு, கொழுத்தப்புறம் நீ கண்ணுலயே காட்டலியே!"

சிங்கப்பூர்க் கிழங்கும் ஏரிக் கிழங்கும் ஒன்றேதானா, இல்லை பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளையா என்று வயிற்றுக்குள் போய் விசாரிக்க வழியில்லை. சாட்சிகள் மூன்றும் ஜீரணமாகிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் லோடு வண்டி வந்து நின்றது. கலியன் துண்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தான்.

"அக்கா, சவாரி ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சு. வண்டி காலியா கீது. அப்டியே தொட்டிய தூக்கிக்கினு போலாமான்னு... மாமா, தொட்டில ஒண்ணும் இல்லியே?"

"இல்ல மச்சான்," என்றார் பாக்கியநாதன் வயிற்றைக் காட்டி. "எல்லாம் இங்க கீது. தூக்கிக்கினு போ."

கலியன் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். ஸ்டாண்டிலிருந்து கண்ணாடி நகர்கிற சத்தம் பாக்கியநாதனின் நெஞ்சுக்குள் கேட்டது. ஸ்விட்ச் போட்டால் கேட்கிற ஒரே ஜீவனும் கோழிக்குப் போகிறது. ஆற்றாமையில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினார்: "உனுக்கு இன்னாமே தெரியும். சேத்துலேர்ந்து புடுங்கித் துன்னத் தெரியும். ஒரு கெழங்க தண்ணில வெச்சு எல கொண்டார்றது எவ்ளோ பெரிய டெக்னிக்கு தெரியுமா?"

"டெக்னிக்கா?" அஞ்சம்மாள் திரும்பினாள். "ஏரில எந்த ஃபோர்மேனு நின்னுக்கினு வளக்கறான்?"

பாக்கியநாதன் நிமிர்ந்தார். அந்தக் குரலில் ஒரு சத்தம் இருந்தது. மெல்லிய, கீச்சென்ற, பேரிங் சூடேறத் தொடங்குகிற சத்தம். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார், கேட்டவுடன் ஓடிப்போய் லோடைக் குறைத்திருக்கிறார். இன்று குறைக்கவில்லை. கொஞ்சம் ஏற்றினார்.

"ஏரி வேற, தொட்டி வேற. அதெல்லாம் படிச்சவன் பண்ற வேல."

"நீ எட்டாவதுய்யா!"

"எக்ஸ்பீரியன்ஸு படிப்பு. உன்னால ஒரு எல, ஒரே ஒரு எல கொண்டார முடியாது. எழுதித் தர்றேன். மச்சான், நீ தூக்கு. இவுங்களுக்கு இதெல்லாம் ஆவாது."

"கலியா!" அஞ்சம்மாள் போட்ட அதட்டலில் கலியனின் கை தானாக விட்டது. "வைடா கீழ."

"அக்கா, குஞ்சு பொரிஞ்சிடுச்சுக்கா..."

"குஞ்சுக்கு அட்டைப் பொட்டி போதும். நாளைக்கிப் போயி ஏரிலேர்ந்து ஒரு கூடை கொட்டிக்கிழங்கு கொண்டா. ரெண்டு சட்டி சேறும் எடுத்துக்கினு வா. இவுரு எக்ஸ்பீரியன்ஸ இன்னான்னு பாத்துடறேன்."

"சேறா? கண்ணாடித் தொட்டில சேறா?" என்று பாக்கியநாதன் அலறினார். இந்த அலறல் மட்டும் நிஜமானது. ஆனால் அதுவும் நன்றாக வேலை செய்தது.

"மூணு சட்டி கொண்டா," என்றாள் அஞ்சம்மாள்.

கலியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாமாவின் கண் ஓரத்தில் ஏதோ மின்னுவதைக் கவனித்தான். தொட்டிக்குச் சேறு வரப்போகிற துக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறினான்.

சனிக்கிழமை சேறு வந்தது. அஞ்சம்மாள் மூன்று சட்டியையும் கொட்டி, கிழங்குகளைக் கைக்கு வந்தபடி அமுக்கி, கலியன் குடத்தில் கொண்டுவந்த ஏரித் தண்ணீரை ஊற்றினாள். தொட்டி கேன்டீன் டீயின் நிறத்துக்கு மாறியது. காற்று மோட்டாரை "இன்னா எழவு சத்தம்" என்று பிடுங்கிவிட்டாள். தீனி இல்லை, சோப்புத்தூள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு இல்லை. அவர் அந்தப் பக்கம் போனாலே கரண்டி உயர்ந்தது.

"கையக் கட்டிக்கினு உக்காரு."

உட்கார்ந்தார். அந்த வேலையில் இப்போது அவருக்கு அனுபவம் வந்திருந்தது.

ஈஸ்டர் போய் மூன்றாவது வாரம் கலங்கல் தெளிந்தது. சேற்றிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியது. ஒன்றல்ல, நாற்பது. மே முடிவதற்குள் தொட்டியின் மேல்பரப்பு முழுவதும் இலை மெழுகியதுபோல மூடிக்கொண்டது. அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. காசு கொடுத்து வாங்கிய இருபத்திரண்டும் செத்த அதே தொட்டியில், யாரும் அழைக்காமல் ஏரித் தண்ணீரோடு வந்த நாலு பொடி மீன்கள், தீனி கேட்காமல், ஷிஃப்ட் பார்க்காமல், கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தன. பார்க்க வந்த ஜலாலுதீன் தொட்டியைப் பார்த்தார், பாக்கியநாதனைப் பார்த்தார். "யாரு பண்ணது?" என்று கேட்டார். பதில் வருமுன்னே, "நீங்க இல்ல," என்று அவரே சொல்லிக்கொண்டு, பச்சை அட்டை பாக்கெட்டில் போட்டு விற்க இருபது கிழங்கு கிடைக்குமா என்று அஞ்சம்மாளிடம் கேட்கப் போனார்.

டி.வி. இன்னும் அரிசி டிரம்மின் மேல்தான் இருக்கிறது. இரும்பு ஸ்டாண்டு அஞ்சம்மாளின் ஏரியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தெருப்பெண்களுக்கு அவள் ஒரு மணிநேரம் விளக்கம் சொல்கிறாள். "ஒண்ணும் பெரிய விசயம் இல்ல," என்று ஆரம்பிக்கிறாள், "இந்த ஆளு கையில குடுத்திருந்தா ரெண்டே நாளுல போயிருக்கும்." பாக்கியநாதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டுகிறார். ட்யூப்லைட் ஸ்விட்சை மட்டும் காலையில் போடவும் சாயங்காலம் அணைக்கவும் அவருக்கு உத்தரவு இருக்கிறது.

ரிஜிஸ்டரையும் அவர் விடவில்லை. ஸ்விட்சை அணைத்தபின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அன்றைய பக்கத்தை எழுதுகிறார்.

'ஏ ஷிஃப்ட்: எதுவும் செய்யவில்லை. பி ஷிஃப்ட்: எதுவும் செய்யவில்லை. சி ஷிஃப்ட்: செய்ய நினைத்தேன், செய்யவில்லை. பிரேக்டவுன்: இல்லை.'

அடியில் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் ஃபோர்மேன் என்று எழுதி, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை அடித்து, ஹெல்பர் என்று திருத்துகிறார்.